குர்லாவில் இறங்கிய உப்பு

"அந்த டாக்சிக்காரன் இனிமே பம்பாயில வண்டியே ஓட்டக் கூடாது. அப்படி எழுதணும்" என்று சொல்லிக்கொண்டேதான் இசக்கிதுரை உள்ளே வந்தார். மஞ்சள் பையை மேஜைமேல் வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அடுத்தவன் நாற்காலியைக்கூட அவர் நம்ப மாட்டார்.

மாட்டுங்காவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. பஸ் டெப்போவில் முப்பது வருஷம் புகார்களை விசாரித்து ஓய்வுபெற்ற பிரம்மநாயகம், அங்கே பயணிகளுக்கு மனு எழுதிக் கொடுப்பார். டைப் அடிப்பவள் ரோஸி. அவர் விசாரிக்கும் முன்பே அவள் தீர்ப்பு சொல்லிவிடுவாள்.

"முன்பதிவு பண்ணின வண்டி பாதியில விட்டா அது சேவைக் குறைபாடு, தாத்தா. நுகர்வோர் ஆணையம் வரைக்கும் இழுக்கலாம். கம்பெனிக்குச் சொல்லிட்டீங்களா?"

"எம் மவன் நாகராஜ் 'விடுங்கப்பா'ன்னுட்டான். நாந்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைய வச்சு வண்டி நம்பரைச் சொன்னேன். அவனை ஓட்டக் கூடாதுன்னு நிறுத்திட்டாவ. ரெண்டு நாளாச்சு."

"முதல்லேருந்து சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் பிரம்மநாயகம்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் நாகராஜின் புது ஃபிளாட்டில் பால் காய்ப்பு. பால் பொங்குமுன் அப்பன் கையால் உப்பு வீட்டுக்குள் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மகனே தன் போனில் டாக்சி பதிவு செய்து தாராவிக்கு அனுப்பினான்.

"ஆபீஸ்காரவுக எல்லாம் வாராவ, தோல் வாடை அடிக்காத சட்டையா போட்டுட்டு வாங்கன்னான். நாப்பது வருஷம் பட்டறையில கிடந்த உடம்பு, சட்டைய மாத்தினா போயிருமா? உப்பு ஜாடிய இந்தப் பையில வச்சு ஏறி உக்காந்தேன். குர்லா ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தி, 'சாச்சா, உங்க இடம் வந்தாச்சு'ன்னு சித்தப்பா முறை வச்சு இந்தியில சொல்லுதான். இறங்கி வந்து பைய ரெண்டு கையாலயும் எடுத்துத் தாரான். நக்கலப் பாருங்க!"

"செம்பூர் போகணும்னு சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? போற இடத்தக் கண்டவங்கிட்டச் சொல்லுவாவளா? விலாசச் சீட்டு இடுப்புலதான் இருந்துச்சு. காட்டல. நாலு கெட்ட வார்த்தை சொல்லிட்டு இறங்கிட்டேன்."

"அப்புறம்?"

"என் போன் செத்துக் கிடந்துச்சு. டீக்கடைக்காரன் போன்ல மவனைக் கூப்பிட்டேன். 'ஏலேய், நாந்தான்'னேன். அம்புட்டுதான். 'டாக்சிக்காரனுவ அப்படித்தாம்பா, வெயில்ல நிக்காதீங்க, ரயில்ல ஏறி சயான்ல இறங்கி வீட்டுக்குப் போங்க, பால் காய்ச்சியாச்சு'ன்னான். பாசக்காரப் பய."

பிரம்மநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகத்தான் இருந்த கண்ணாடி அது.

மறுநாள், பிரம்மநாயகம் சொல்லியனுப்பி, டிரைவர் மகேஷ்குமாரும் வந்து சுவரோரம் நின்றான். ரோஸி மூன்று பக்கம் டைப் அடித்து வைத்திருந்தாள். பிரம்மநாயகம் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணாச்சி, வழியில கழற்றிவிடுறவன் பஞ்சர்ம்பான், வண்டியில கேஸ் தீர்ந்துபோச்சும்பான். 'உங்க இடம் வந்தாச்சு'ன்னு பையை எடுத்துக் கொடுக்க மாட்டான். இவன் நிஜமாவே அதுதான் இடம்னு நினைச்சிருக்கான்."

"எப்படி சார் நினைப்பான்? செம்பூர்னுதானே பதிவு?" ரோஸி துள்ளினாள்.

"பதிவு பண்ணின போன்லேருந்தே இடத்தை மாத்தலாம்ல. மாத்தின இடத்தைப் பாரு. ஸ்டேஷன் வாசல். அங்கேருந்து அடுத்த ஸ்டேஷனே சயான், இறங்கினா தாராவிக்கு நடந்தே போயிரலாம். அண்ணாச்சிக்கு வழி தப்பக் கூடாதுன்னு யோசிச்சு வச்ச இடம் அது."

பிரம்மநாயகம் இசக்கிதுரையின் பக்கம் திரும்பினார்.

"நீங்க 'நாந்தான்'னு மட்டுந்தானே சொன்னீங்க? டாக்சி விட்டுட்டுப் போனதை உங்க மகன்கிட்ட யார் சொன்னது?"

"போன்ல வண்டி நிக்குறதைப் பார்த்திருக்கலாமே சார்?" என்றாள் ரோஸி.

"பார்த்திருந்தா, 'ஏன் இறங்கினீங்க, அங்கேயே நில்லுங்க, வாரேன்'னுல்ல சொல்லியிருப்பான். செம்பூருக்கும் குர்லாவுக்கும் எவ்வளவு தூரம் ரோஸி?"

மகேஷ்குமார் தன் போனை நீட்டினான். இடம் மாற்றப்பட்ட நேரம் அதில் இருந்தது. கம்பெனியிடமும் காட்டினானாம். எவன் பார்த்தான்?

"போதும்" என்றார் இசக்கிதுரை. நேற்று முதல் உட்காராத மனுஷன், இப்போது உட்கார்ந்தார். பெற்ற பிள்ளை அப்பனை மறைத்ததைக்கூட விழுங்கிவிடலாம். ஒரு சீட்டை இடுப்பிலிருந்து எடுக்க மனசில்லாமல், ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு, அவன் தாயையும் இழுத்துப் பேசினோமே என்று நாக்கு கூசியது.

"எழுது தாயி. டிரைவர் மேல ஒரு தப்பும் இல்ல, அவனை வண்டி ஓட்ட விடுங்கன்னு எழுது. யாரு மேல தப்புன்னு எழுதாத."

கைநாட்டு வைத்த பிறகும் அவரால் மகேஷ்குமாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன்தான் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டான், இரண்டு கையாலும்.

"சலோ சாச்சா, கொண்டுபோய் விடுறேன். எங்க போகணும்?" என்றான் இந்தியில்.

இசக்கிதுரை இடுப்பைத் தடவி, வேர்வையில் நைந்துபோன சீட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"உப்ப வாசல்ல வச்சுட்டு வந்துருவோம்" என்றார். "மணி அடிக்காண்டாம்."