எச்சில் படையல்

கோப்பை வரமாட்டேன் என்றது.

ஏழாம் அறையின் ஜன்னல் விளிம்பில், முந்தின நாள் சாயங்காலம் யாரோ கோக்கா இலைத் தேநீர் குடித்துவிட்டு வைத்த கோப்பை. தோமசா அதன் காதைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. குனிந்து பார்த்தாள். அடிப்பாகத்தைச் சுற்றி உப்பு, மெல்லிய உதடு போல எழும்பி அதைக் கவ்விக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்ததும் 'கிரக்' என்று கோப்பை கையோடு வந்தது. அதன் அடி மட்டும் வரவில்லை. பல்லைப் பிடுங்கும்போது உள்ளே தங்கிவிடும் வேர் மாதிரி ஜன்னலிலேயே நின்றுவிட்டது.

உப்புக் கட்டிகளால் கட்டிய ஓட்டலில் உப்பு பூப்பது ஒன்றும் அதிசயமில்லை. உயுனி உப்புவெளியின் ஓரத்தில் நிற்கும் அந்த மேகமாளிகை ஓட்டலில் சுவர் உப்பு, கட்டில் உப்பு, சாய்வு நாற்காலியும் உப்பு. வெளிநாட்டுப் பணக்காரர்கள் விமானம் ஏறி வந்து உப்பின் மேல் படுத்துவிட்டுப் போவார்கள். ஊர்க்காரர்களும் தலைமுறை தலைமுறையாக உப்பின் மேல்தான் படுக்கிறார்கள். அதை யாரும் படம் எடுப்பதில்லை. வந்தவர்கள் பெட்டியைக் கீழே வைத்ததும் முதலில் செய்வது சுவரை நக்கிப் பார்ப்பது. 'சுவரை நக்காதீர்கள்' என்று பல மொழிகளில் பலகை மாட்டியிருந்தது. பாதிப் பேருக்கு அதைப் படித்த பிறகுதான் அந்த யோசனையே வந்தது. நக்கிய இடத்தில் குழி விழும். குழியை உப்புக் குழம்பு குழைத்துப் பூசுவது, அறைகளைப் பார்த்துக்கொள்ளும் தோமசாவின் வேலை. முகத்தைப் பார்த்தே எவன் நக்குவான், எவன் நக்கமாட்டான் என்று சொல்லிவிடுவாள் என்று ஊரில் பேச்சு.

"அக்கா, சேதி தெரியுமா?" தங்கை நெல்வா படுக்கை விரிப்பை உருவிக்கொண்டே கேட்டாள். "இந்த ரூம்ல இருந்த பிரேசில் புதுஜோடி காலையில ஒரே சண்டை. ராத்திரி பூரா என் கன்னத்த நக்கிக்கிட்டே இருந்தியேன்னு அவ கத்துறா. நான் சோபாவுலதானடி படுத்திருந்தேன்னு அவன் சத்தியம் பண்றான்."

"தேனிலவுக்கு வந்துட்டு சோபாவுல படுத்தானா? அதுக்கே உதைக்கணும்."

நெல்வா சிரித்தாள். சிரித்ததில் அவளுடைய கீழுதடு வெடித்தது. ரத்தம் வரவில்லை. வெடிப்பிலிருந்து வெள்ளையாக ஏதோ பொடி உதிர்ந்தது.

"தண்ணி குடிடி," என்றாள் தோமசா.

"குடிச்சுக்கிட்டேதான் இருக்கேன். எங்க போகுதுன்னே தெரியல."

தோமசா தலையணையைத் தூக்கினாள். சுவரோரமாக இருந்த பக்கத்தில் ஈரம். அகலமான, குளிர்ந்த ஈரக்கோடு, கீழிருந்து மேலே இழுத்த மாதிரி. அதற்கு நேர் எதிரே சுவரிலும் ஓர் ஈரத்தடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே இழுத்துக்கொண்டு காய்ந்துபோனது.

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. புதுஜோடியை ஏற்றிக்கொண்டு கிளம்பும் கடைசி வண்டி. மழைத் தண்ணீர் உப்புவெளி முழுவதும் பரவிவிட்டால் பிறகு வாரக்கணக்கில் வண்டி வராது. நெல்வா விரிப்பைக் கீழே போட்டுவிட்டு அக்காளைப் பார்த்தாள்.

"நானும் இதுலயே போயிடறேனேக்கா. எப்படியாவது எல்லை தாண்டி, சிலியில ஒரு வேலை..."

"போயி? அங்க எவன் பாத்திரத்தக் கழுவப் போற? இங்க இருந்தா என் கண் பார்வையில இருப்ப. சுவர் பூச ஆள் வேணும். பேசாம இரு."

தாய் செத்ததிலிருந்து தங்கையை வளர்த்தவள் தோமசா. அதை ஒரு நாளும் மறக்க விடமாட்டாள். நெல்வாவுக்கு இருபத்தேழு வயதாகியும் அவள் எந்தப் பாவாடை கட்டுவது என்பதை அக்காள்தான் முடிவு செய்தாள். ஜீப் போய்விட்டது. ஓட்டலில் மிஞ்சியவர்கள் மூன்று பேர்: அக்காள், தங்கை, அப்புறம் 'தோன்' என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட வேண்டிய மேலாளர் எர்வின். அவர் கீழ்நாட்டு சாந்தா க்ரூஸ்காரர். மலைநாட்டு மனிதர்களைப் பார்த்தாலே மூக்கைச் சுளிப்பார், ஆனால் மலைநாட்டுச் சம்பளத்தை மட்டும் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்.

தோமசா ஜன்னலில் நின்ற கோப்பை அடியைத் திரும்பப் பார்த்தாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

போன வாரம் தண்ணீர் லாரி வரவில்லை. சுவர்க் குழிகளைப் பூசியே ஆக வேண்டும் என்று எர்வின் குதித்தார். ஓட்டலுக்குப் பின்னால் சற்று நடந்தால் உப்புக்கண் இருக்கிறது. தரையில் விழுந்த கறுப்பு ஓட்டை; அடியிலிருந்து சில்லென்று தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். லாமா மந்தை ஓட்டிப்போன அந்தக் காலத்து ஆட்கள் அதைக் கண்டால் சுற்றிப் போவார்கள். எடுத்தே தீர வேண்டுமானால் முதலில் கொடுப்பார்கள். புதுப் புட்டி, அங்கேயே மூடி திறந்து, யாருடைய வாயும் படாத சாராயம். அதைக் கொடுக்காமல் ஒரு செம்பு தண்ணீர்கூட மொள்ளமாட்டார்கள்.

"ஓட்டைக்கு சாராயமா?" என்று எர்வின் சிரித்தார். "கணக்குல எந்த ரூம் பேர்ல எழுதறது, தோன்யா தோமசா?"

தோமசா சொந்தக் காசில் ஒரு புட்டி வாங்கியிருக்கலாம். அவள் கையிறுக்கம் ஊரறிந்தது. கல்யாண வீட்டில் தன் தட்டில் மிஞ்சிய கோழிக்காலைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவள். படைக்காமல் எடுக்கவும் பயம். அதனால் சாப்பாட்டுக் கூடத்தில் விருந்தாளிகள் மிச்சம் வைத்த கண்ணாடிக் கோப்பைகளையெல்லாம் ஒரு பழைய புட்டியில் வடித்துக்கொண்டாள். சிவப்பு ஒயின், வெள்ளை ஒயின், சிங்கானி என்ற திராட்சைச் சாராயம், உதட்டுச் சாயம், எல்லாம் சேர்ந்து.

"எச்சிலாச்சேக்கா," என்றாள் உப்புக்கண்ணின் விளிம்பில் நின்ற நெல்வா.

"வாய் படாதது இருக்கான்னு ரூம்ரூமா கேட்டு வாங்கிட்டு வரவா? பெரிய இடத்து எச்சில்தான், குடிக்கட்டும்."

ஊற்றினாள். குமிழிகள் நின்றன. உப்புவெளியில் எப்போதும் இருக்கும் காற்றுகூட அந்தக் கணம் இல்லை. பிறகு கீழே, ரொம்பக் கீழே, ஒரு சத்தம். ருசி பார்த்த வாய், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் சத்தம்.

அந்தத் தண்ணீரில்தான் எல்லாச் சுவர்களையும் பூசினார்கள்.

ஜீப் போன பிறகு மழை வந்தது. மழை நின்றபோது உப்புவெளி இல்லை. வானம்தான் இருந்தது, மேலே ஒன்று, கீழே ஒன்று. வெயில் இரண்டு பக்கமும் அடித்தது. ஓட்டலுக்குள் எந்தப் பொருளுக்கும் நிழல் விழவில்லை. ஈரத் துணி வாடையும் பழைய ஒயினின் புளித்த வாடையும் நடைவழியில் நகராமல் நின்றன. அந்த அமைதியில் சுவர்களுக்குள்ளிருந்து ஓயாமல் ஒரு நறநறப்பு வந்தது. மாடு கல் உப்பை நக்குவது போல, ஆனால் பொறுமையாக, அவசரமே இல்லாமல். அசையாமல் இருந்ததையெல்லாம் உப்பு பிடித்தது. சோப்பு ஒட்டிக்கொண்டது. செருப்பு ஒட்டிக்கொண்டது. துவட்டிப் போட்ட துண்டு நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டது. சுவரில் நக்கிய குழி ஒன்றுகூட மிச்சமில்லை.

எர்வினுக்கு ஒரே சந்தோஷம். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துகொண்டு சுவரைத் தடவினார். "பாத்தீங்களா? தானா சரியாயிடுச்சு. இனிமே பூச்சு வேலைக்கு ஆளே வேணாம்."

"தோன் எர்வின், ஒரே எடத்துல உக்காராதீங்க. எழுந்து நடங்க."

"உங்க மலைநாட்டு பயமெல்லாம் எனக்கு எதுக்கு? நான் நடந்து யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். அவருடைய புருவம் வெளுத்திருந்தது. முழங்கையை மேஜையிலிருந்து எடுக்கவே இல்லை.

நெல்வா மெதுவாகிக்கொண்டே போனாள். ஜன்னலோரத்து உப்புத் திண்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லை அவளுக்கு. கீன்வா கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய். கண்ணிமை முடியில் வெள்ளை வெள்ளையாக மணிகள். தோமசா துடைத்துவிட்டாள். துடைத்த கை திரும்புவதற்குள் மறுபடியும் பூத்தது.

"சுவர் பக்கத்துல உக்காராதடி. வா, எழுந்து கூட்டு, பாத்திரம் தேய், ஏதாவது செய்!"

"இங்க ஜில்லுனு இருக்குக்கா. எதோ தடவிக் குடுக்கற மாதிரி."

"எது?"

நெல்வா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். கன்னத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் தோமசா மதுக்கூடத்தின் பூட்டை உடைத்தாள். இருப்பதிலேயே விலை கூடிய சிங்கானி, மூடி திறக்காதது. வாழ்நாளில் அவள் செய்த முதல் தாராளம் அதுதான். அதுவும் அடுத்தவன் புட்டியில். நெல்வாவை இழுத்து நடுக்கூடத்தில் நிற்க வைத்தாள். "நான் வர்ற வரைக்கும் நடந்துக்கிட்டே இரு. சுத்திச் சுத்தி நட. நிக்காத."

"சரிக்கா."

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்காலுக்குக் கீழே தண்ணீர், காலுக்குக் கீழே மேகம். உப்புக்கண் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் இப்போது பக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. கறுப்பு ஓட்டையைத் தேடினாள். எங்கும் ஒரே வெளிச்சம். விளிம்பு வரை ததும்பி, இமைக்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, தேட வேண்டியதே இல்லை என்று. உப்புவெளி முழுவதுமே அந்தக் கண்ணாகியிருந்தது; அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மூடியைத் திறந்து ஊற்றினாள். "இந்தா. புதுசு. யாரும் வாய் வெக்காதது. என் தங்கச்சிய விட்டுடு."

சிங்கானி தண்ணீரில் மிதந்தது. ஒரு குமிழி வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அதற்கு இது வேண்டாம். எச்சில் ருசி கண்டுவிட்டது.

திரும்பி ஓடினாள். ஓட்டல் தலைகீழாக ஒன்று, நேராக ஒன்று. நேரானது எது என்று ஒரு கணம் தெரியவில்லை.

"தோன் எர்வின்!"

வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தார். பேனா பிடித்த கை. திறந்த வாய். வெள்ளை. வாய்க்குள்ளும் வெள்ளை.

நறநறப்பு நின்றிருந்தது.

"நெல்வா?"

நடுக்கூடம் காலி. தரையில் ஈரக் காலடிகள், ஒரு வட்டம், பாதி வட்டம். அங்கிருந்து நேராக ஜன்னலோரத் திண்டுக்கு.

நெல்வா உட்கார்ந்திருந்தாள். கன்னம் சுவரில். கன்னம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது? தெரியவில்லை. ஒரு கண் மட்டும் இன்னும் கறுப்பு. அது உருண்டு அக்காளைப் பார்த்தது.

"நடந்துட்டுதான் இருந்தேன்க்கா," என்றது ஒரு காய்ந்த குரல். "கால் வலிச்சுது. சும்மா ஒரு நிமிஷம்னு..."

தோமசா அவள் தோளைப் பிடித்தாள். இழுக்கப்போனாள்.

கோப்பை.

கையை எடுத்துவிட்டாள். இழுத்தால் வருவாள். பாதி வருவாள்.

"போயிடுக்கா. நீ நட."

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே தண்ணீர், முழங்காலளவுதான். கரைப்பக்கம் எது என்று தெரியாவிட்டாலும் நடந்துகொண்டே இருந்தால் எங்காவது போய்ச் சேரலாம். தோமசா கதவைப் பார்த்தாள். தங்கையின் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். அது இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. குளிர்ந்திருந்தது.

"கையச் சூடு பண்ணிட்டுப் போறேன்," என்றாள். "கொஞ்ச நேரம்தான்."

பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். பின்கழுத்தில் அகலமாக, ஈரமாக, சில்லென்று ஏதோ கீழிருந்து மேலே போயிற்று.

மழைக்காலம் முடிந்து உப்புவெளி காய்ந்தது. ஓட்டல் முதலாளி ஆட்களோடு வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். எர்வின் ஓட்டல் பணத்தில் யாரோ ஒரு சிற்பியைப் பிடித்துச் சிலை செய்ய வைத்துவிட்டு, வேலைக்காரி இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று முடிவானது. ஊரும் அதைத்தான் பேசியது; சின்னவளோடு ஓடியிருந்தால் சரி, பெரியவளை எதற்குக் கூட்டிப் போனான் என்பதில் மட்டும் இன்னும் வாதம் ஓயவில்லை. சிலைகள் நன்றாக இருந்தன. முதலாளி அப்படியே விட்டுவிட்டார். பலகையைத் துடைத்து மறுபடி மாட்டினார்கள்.

முதல் வண்டியில் வந்தவர்களில் ஒருவன், தொப்பி போட்ட செக்கச் சிவந்த மனிதன், பெட்டியைக் கீழே வைத்தான். பலகையைப் படித்தான். ஜன்னலோரத்தில் கைகோத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களைப் பார்த்துச் சிரித்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே தோமசாவுக்குத் தெரிந்துவிட்டது. நக்குகிற முகம்.

வேண்டாம் என்று கத்தினாள். உதடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் அசையவில்லை.

"போட்டோ எடு, போட்டோ எடு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவன் குனிந்தான்.

நாக்கு வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. இத்தனை நாளில் அவள் மேல் பட்ட முதல் ஈரம். அந்த ஈரம் கன்னத்தில் இறங்கி, தொண்டை இருந்த இடத்துக்குப் போய், இன்னும் உள்ளே போய், கோத்த விரல்கள் வழியாகத் தங்கைக்கும் போயிற்று. நெல்வாவின் விரல் லேசாக அழுத்தியது. இன்னும், என்பது போல.

அவன் சிரித்துக்கொண்டே நாக்கை எடுக்கப் பார்த்தான். பிறகு சிரிக்காமல் எடுக்கப் பார்த்தான்.

விட்டுவிட வேண்டும் என்றுதான் தோமசா நினைத்தாள். விடவில்லை.