குளிர் அறையிலிருந்து ஓர் அழைப்பு

காரிமங்கலத்தைத் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்தப் புளிக் கிடங்கு. வெளியே வெயில் கொளுத்தியது. சசிகலா உள்ளே நுழைந்ததும் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. நடைபாதை இருண்டு, சில்லென்று கிடந்தது. குளிரூட்டும் இயந்திரத்தின் உறுமல் சுவரெல்லாம் பரவியிருந்தது.

புது போன்கள் மாட்ட வந்திருந்தாள் அவள். ஒவ்வொரு போனுக்குமான பெயரையும் எண்ணையும் சர்வர் கணினியில் ஏற்றிவிட்டால் போதும். வயரைச் செருகியதும் போன் சர்வரிடம் கேட்டு, தானே எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளும். ‘ஆபீஸ்’, ‘கேட்’ இரண்டும் அப்படித்தான் உயிர்பெற்றன. குளிர் அறைக்கான போன் இன்னும் பிரிக்காத பெட்டியில் கிடந்தது.

ஆபீஸ் போன் ஒலித்தது.

திரையில் ‘இன்னாசி’ என்று வந்தது.

அப்படியொரு பெயரை அவள் ஏற்றவேயில்லை.

“இன்னாசிங்கறது யாருங்க சார்?”

மேனேஜர் மதியழகன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அந்தப் பேர உங்களுக்கு யாரு சொன்னது?”

அவள் திரையைக் காட்டினாள்.

அவர் குரல் இறங்கிப்போனது. “மூட்ட தூக்கிட்டிருந்தவருங்க. போன வருசம் குளிர் ரூம்ல மாட்டிக்கிட்டாரு. உள்ள இருந்த போன்ல லைன் இல்ல. காலைலதான் பாத்தோம்.”

மணி நிற்கவில்லை. சசிகலா எடுத்தாள்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு, பற்கள் தந்தியடிக்கும் சத்தம்.

“கதவத் தெறங்க...”

ரிசீவரைப் போட்டுவிட்டு, வயரைப் பிடுங்கினாள். அந்த வயரில்தான் போனுக்கு மின்சாரமும் வந்துகொண்டிருந்தது. திரை அணைந்தது.

இருண்ட போன் மறுபடி ஒலித்தது.

அவள் தொடவில்லை. குரல் தானாகவே வந்தது.

“நான் இல்லீங்க. அந்தம்மா உள்ள இருக்குது.”

மதியழகன் எழுந்துவிட்டார். “இங்க வேல பாக்குற செல்லம்மா... சாப்பிடப் போனவ திரும்பி வரவேயில்லையே.”

ஓடினார்கள். குளிர் அறைத் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. இருவரும் சேர்ந்து இழுத்ததும் கதவு விட்டுக்கொடுத்து, வெள்ளைப் புகை முகத்தில் அறைந்தது. மூட்டைகளுக்கு நடுவே, அடுக்கடுக்காகச் சாக்கு போர்த்தி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள் செல்லம்மாள்.

மூச்சு இருந்தது.

வெயிலில் கொண்டுவந்து கிடத்தி, உள்ளங்காலைத் தேய்த்தார்கள். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தாள்.

“அந்த அண்ணன் எங்கக்கா?”

“எந்த அண்ணன்?” என்றாள் சசிகலா.

“சாக்கு போத்திவுட்டாரே. போன் போட்டிருக்கேன், வந்துருவாங்க, தூங்கிடாதம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”



செல்லம்மாளை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சசிகலாவுக்கும் அப்படியே வண்டியெடுத்துப் போய்விடத்தான் தோன்றியது. ஆனால் அந்த அறையைப் போன் இல்லாமல் விட்டுப் போக மனம் வரவில்லை.

“கதவப் புடிச்சுக்கிட்டே நில்லுங்க சார். விட்ராதீங்க.”

உள்ளே போனாள். பெட்டியைப் பிரித்து, போனைச் சுவரில் மாட்டி, வயரைச் செருகினாள். ரிசீவரும் சுவரும் ஒன்றுபோல் சில்லிட்டிருந்தன; விரல்கள் மரத்துப்போயின. திரையில் ‘குளிர் அறை’ என்று ஒழுங்காக வந்தது. திருப்புளியைப் பையில் வைத்துவிட்டு, லைன் வருகிறதா என்று பார்க்க ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

யாரோ இப்போதுதான் பேசி வைத்ததுபோல், ரிசீவர் வெதுவெதுப்பாக இருந்தது.