கண்மறை உறை

கபிலன் படுக்கையறை வாசலில் சரிந்து விழுந்ததும் அவன் மணிக்கட்டில் இருந்த உயிர்க்காவலி பேசத் தொடங்கியது.

"இதயத் துடிப்பு சீர்குலைந்துள்ளது. மீட்பு ஊர்தி வர இருபது நிமிடம் ஆகும். அவசர ஊசி இந்த அறையிலேயே உள்ளது. ஏழு நிமிடத்துக்குள் போட வேண்டும்."

அவன் மனைவி சாருலதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன ஊசி? இவருக்கு இதயத்துல ஒண்ணுமில்லையே!"

"பதினோரு மாதங்களாகச் சிகிச்சை பெற்று வருகிறார்."

அவள் அலமாரியைத் திறந்தாள். போர்வைகள், சட்டைகள், குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கைக் கட்டு ஒன்று. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மேசையைக் குடைந்தாள். கட்டிலுக்கு அடியில் புகுந்து பார்த்தாள். ஊசி இல்லை.

"ஐந்து நிமிடம்."

"கபி, எங்க வச்சிருக்க? சொல்லுடா!"

அவன் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

மறுபடி அலமாரிக்கு ஓடினாள். ஆண்டறிக்கையா? சங்கம் காகிதத்தில் அச்சடிப்பதை நிறுத்திப் பல வருடமாகிறதே! அவள் உற்றுப் பார்த்ததும் அது பழைய குளியல் துண்டுக் குவியலாக மாறியது. கண்மறை உறை!

அதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? இரண்டு வருடமாக அவள் இணையத்தில் வாங்கிய விலையுயர்ந்த கைப்பைகள் எல்லாம் அந்த உறையில்தான் வந்தன. பார்ப்பவரின் விழிகளைப் படித்து, அவர் திரும்பியும் பார்க்காத பொருளாகத் தோற்றம் காட்டும் உறை அது. வாங்கியவரோ, அதை மறுபடி ஒட்டியவரோ கட்டைவிரல் வைத்தால்தான் திறக்கும். கபிலன் ஒருமுறைகூட ஒரு பெட்டியைப் பற்றியும் கேட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

துண்டுகளைப் பிடிக்கப் போனாள். அதற்குள் அவை மற்ற துணிகளோடு கலந்து தெரிந்தன. அவள் தேடத் தேட அது வேறொன்றாகிக்கொண்டே இருந்தது.

"மூன்று நிமிடம்."

சாருலதா கண்களை இறுக மூடிக்கொண்டாள். இரு கைகளாலும் தட்டு தட்டாகத் துழாவினாள். துணி, துணி, துணி. பிறகு, சில்லென்று ஒரு பெட்டியின் விளிம்பு. மார்போடு அணைத்துக்கொண்டு, கண் திறக்காமலே தவழ்ந்து வந்து, அவன் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துப் பெட்டியின்மேல் அழுத்தினாள். உறை பிரிந்தது. ஊசியை அவன் தொடையில் குத்தினாள்.

மறுநாள் மருத்துவமனையில் கபிலன் மெல்லப் பேசினான். "நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல."

"அந்த உறை உனக்கு எப்படிக் கெடச்சுது?"

"உன்னோடதுதான். பையை எடுத்துட்டு நீ குப்பையில போட்டது."

"அப்ப, பை வாங்கினதெல்லாம்..."

"தெரியும். கேட்டா, நீயும் என்னைக் கேப்பேன்னு விட்டுட்டேன்."

அவன் கண்ணயர்ந்ததும், நடந்ததையெல்லாம் எழுதி உறை நிறுவனத்துக்குக் கோபமாக ஒரு புகார் அனுப்பினாள். மாலையில் பதில் வந்தது.

"தங்கள் தகவலுக்கு நன்றி. தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற குறையைச் சரிசெய்துவிட்டோம். இனி எங்கள் உறை கைக்கும் தட்டுப்படாது. தங்கள் அடுத்த பைக்குப் புதிய உறை இலவசம்."

"யாரு, சாரு?" என்றான், கைபேசிச் சத்தத்தில் விழித்த கபிலன்.

"யாருமில்ல. ஏதோ விளம்பரம்," என்றாள், கைபேசியைக் கவிழ்த்து வைத்தபடி.