ஒரு சாண் வெளிச்சம்

திரை ஒரு சாண் குறைந்திருந்தது.

குறைய வழியே இல்லை. டைலரம்மா அளந்தால் அளந்ததுதான். தெருவை விட்டுக் கல்யாணமாகிப் போன பெண்கள்கூடத் துணியைத் தூக்கிக்கொண்டு இன்னும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். வீட்டின் பெரிய அறையில் முன்பாதி முழுக்கத் தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, துணி மூட்டை. பின்பாதியில் நிறைமாத மகளின் கட்டில். மருமகன் லாரியோடு எங்கோ சுற்றிக்கொண்டிருந்தான். அளவு கொடுக்க வருகிறவர்களின் கண்ணெல்லாம் பிள்ளைத்தாய்ச்சி மேல் விழ வேண்டாமே என்று நடுவில் கனத்த திரை ஒன்றைத் தைத்துத் தொங்கவிட்டாள். காலையில் மாட்டும்போது அதன் ஓரம் தரையில் புரண்டது. மாலையில் மகள் உள்ளே விளக்கைப் போட்டதும் திரைக்கு அடியில் மஞ்சளாக ஒரு வெளிச்சப் பட்டை, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும்.

குனிந்து, கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, சுண்டுவிரலை மேலே நீட்டினாள். துணியின் ஓரம் சுண்டுவிரல் நகத்தில் வந்து இடித்தது.

"என்னம்மா தரையில தேடற? ஊசியா?" உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

"திரை குட்டையாயிருக்குடி."

"சுருங்கியிருக்கும்."

"தண்ணியே படாத துணி எப்படிடி சுருங்கும்?"

"அப்ப உனக்குத்தான் வயசாயிடுச்சு. டைலரம்மா ரிடையரு!" மகள் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கி, "ஐயோ, இவ வேற உதைக்கிறா" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். பெண் குழந்தைதான் என்று முதல் மாதத்திலேயே முடிவு கட்டிவிட்டவள் அவள்.

டைலரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதிரி வெளிச்சப் பட்டையை அவள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

மறுநாள் திரையின் அடியில் இன்னொரு துண்டு வைத்துத் தைத்தாள். மாலையில் பார்த்தால் துண்டு இருந்தது, தையல் ஒன்றுகூட விடவில்லை, அடியில் வெளிச்சமும் அதே ஒரு சாண்.

பிறகு ஊர்த் துணியெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. தபால்காரர் புதுக் கால்சட்டையோடு வந்து வாசலிலேயே நின்றார். "டைலரம்மா, நான் வளந்துட்டனா, இல்ல உங்க டேப்பு வளந்துடுச்சா? கணுக்காலெல்லாம் காத்து வாங்குது. இந்தக் கோலத்துல போனா என் வீட்டுக்காரி உள்ள விடமாட்டா." டைலரம்மா ஓரத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்து, அவருக்குத் தெரியாமல் சாண் வைத்துப் பார்த்தாள். அதே ஒரு சாண் குறைவு. பிசகவில்லை.

குறையாதது ஒரே ஒருத்தியின் துணிதான். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் மனைவியின் துணி. அவளுக்கு டைலரம்மா இத்தனை வருஷமாகக் காசு வாங்காமல் தைத்துக் கொடுக்கிறாள். அன்றைக்கும் வந்து, சட்டையைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "எப்பவும்போல கச்சிதம்" என்றாள். போகும்போது டைலரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கும் கடையில ஒருத்தி என்னைப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. உனக்கு ஒருத்திக்குத்தான் எம்மேல கோவமில்ல. ஏன்னே தெரியல அக்கா."

ஏன் என்று டைலரம்மாவுக்குத் தெரியும். "பாத்துப் போம்மா" என்று மட்டும் சொன்னாள்.

பல வருஷத்துக்கு முன்னால், போர் நடந்த குளிர்காலம் அது. இருட்டினால் ஊரில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. மேலே எதிரி விமானங்கள் தடவிக்கொண்டு திரிந்தன. ஆஸ்பத்திரியில் மட்டும் விளக்கை அணைக்க முடியாது, அறுவை நடக்கும், பிரசவம் நடக்கும். பெரிய நர்சம்மா கறுப்புத் துணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு இவளிடம்தான் வந்தாள். "ஜன்னலெல்லாம் ஆளுயரம், தரையிலேருந்து ஆரம்பிக்குது. திரை தரையில புரளணும் டைலரம்மா. உங்களை நம்பித்தான்."

வெட்டியதுபோக மிச்சத் துணி தைத்தவளுக்கு. தொழிலில் எங்கும் உள்ள வழக்கம்தான், அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மிச்சம் தானாக விழ வேண்டும். அவள் விழவைத்தாள். மகள் அப்போது சின்னப் பிள்ளை. குளிரில் இருமி இருமி உதடு நீலம் பாரிக்கும். கடையில் கம்பளித் துணி கண்ணில் காட்டக்கூட இல்லை. திரைக்குத் திரை ஒரு சாண் குறைத்து வெட்டினாள். பிள்ளைக்கு முழங்கால் வரைக்கும் ஒரு கறுப்புக் கோட்டு வந்தது. பிள்ளை பிழைத்தாள்.

திரை மாட்டிய அன்றைக்கே, இருட்டிய பிறகு, துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனவள் பார்த்தாள். கறுத்துக் கிடந்த ஊருக்கு நடுவில், வரிசையாக, கோடு போட்ட மாதிரி. ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்கு ஜன்னல், அடியில் ஒரு சாண் வெளிச்சம். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருதான். நாளைக்குக் காலையில் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்துவிடலாம் என்று படியிறங்கினாள்.

காலையில் ஆஸ்பத்திரி இல்லை.

மாடியில் வாட்ச்மேன் சிகரெட் பற்றவைத்தான், அதைப் பார்த்துத்தான் குண்டு போட்டார்கள் என்று ஊர் பேசியது. வாட்ச்மேனும் இடிபாட்டுக்குள்தான் கிடந்தான், வந்து இல்லையென்று சொல்லவா முடியும்? டைலரம்மா சொல்லியிருக்கலாம். கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது திரைக்குப் பின்னாலிருந்து மருந்து வாடை வர ஆரம்பித்தது. பழைய வாடை, கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்திருந்தது உடைந்து பரவுகிற மாதிரி. அதற்கு அடியில், இஸ்திரிப் பெட்டியை மறந்துபோய்த் துணிமேல் விட்டால் எழுமே, அந்தத் தீய்ந்த நெடி. மகளுக்கு எதுவும் தெரியவில்லை. "உனக்கு மூக்கும் போச்சாம்மா?" என்று கேலி செய்தாள்.

ஒரு மாலை மெஷினில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள், தலை நிமிர்ந்தபோது வெளிச்சப் பட்டையில் மகளின் பாதங்களைப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் போல. வீங்கிய பாதம், பாவம், என்று நினைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். நிமிர்ந்தபோது பக்கத்தில் இன்னொரு ஜோடி. ஒல்லியாக, கிழப் பாதங்கள். அதற்கப்பால் கட்டுப் போட்ட ஒரு கால் மட்டும். அதற்கப்பால் ஒரு குழந்தையுடையது, விரல் நுனியில் எம்பி நின்றது.

மெஷின் நின்றுவிட்டது. யாரும் நகரவில்லை.

"உள்ள யாருடி?"

"யாருமில்லையே. ஏம்மா?"

ஓடிப்போய்த் திரையை விலக்கினாள். மகள் மட்டும்தான். போர்வைக்குள் காலை மடக்கிக்கொண்டு, கட்டிலில் சுவரோரம் ஒண்டிப் படுத்திருந்தாள். வெகுநேரமாக அப்படித்தான் படுத்திருந்தாளாம்.

அப்படியானால் முதலில் பார்த்த பாதங்கள்?

ஆனாலும் டைலரம்மாவுக்கு அதுவரைக்கும் ஒரு நினைப்பு இருந்தது: துணிதானே குறைகிறது, குறைந்தால் குறையட்டும். அந்த நினைப்பும் மறுநாள் போயிற்று. பிறக்கப்போகிற குழந்தைக்குத் தைத்து மடித்து வைத்திருந்த சட்டையை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். குழந்தைச் சட்டை, மொத்த உயரமே ஒரு சாண்தான். பெட்டிக்குள் கழுத்துப்பட்டி மட்டும் கிடந்தது. வட்டமாக, பொத்தான் போட்டபடி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் செத்தவர்கள் துணியைக் கேட்கவில்லை. குழந்தையைக் கேட்கிறார்கள்.

கை தானாகப் பரணுக்குப் போயிற்று. கறுப்புக் கோட்டை உதறி எடுத்தாள். மகள் அதைத் தூக்கிப்போட விட்டதே இல்லை. கத்தரிக்கோலைத் தையலுக்குள் விட்டுப் பிரிக்க ஆரம்பித்தபோது மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா! அது என் கோட்டு!"

"தெரியும்."

"என் பொண்ணுக்குன்னு வச்சிருக்கேன். அதைப் போய் ஏன் பிரிக்கிற?" கோட்டின் கையைப் பிடித்து இழுத்தாள். "என் உசுரைக் காப்பாத்தின கோட்டுன்னு நீதானே சொல்லுவ?"

சொல்லிவிடலாம். இப்போதே. வாயைத் திறந்தால் போதும். டைலரம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். இதைக் கேட்ட பிறகு அந்த முகம் எப்படி ஆகும் என்றும் பார்த்தாள்.

"பூச்சி அரிச்சிருக்குடி" என்றாள்.

கோட்டைச் சாண் சாணாகக் கிழித்து, ஒட்டுப்போட்டு, திரையின் அடியில் வைத்து அடித்தாள். அடித்து முடிக்கவும் பொழுது சாயவும் சரியாக இருந்தது. மாட்டினாள். துணி தரையைத் தொட்டது. புரண்டது. உள்ளே மகள் விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. வெளிச்சம் துளிகூட வரவில்லை. மருந்து வாடை இல்லை. தீய்ந்த நெடி இல்லை. டைலரம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். வாங்கிக்கொண்டார்கள். துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"அம்மா, இங்க வாயேன். சீக்கிரம்."

வலியில் கூப்பிடுகிற குரல் இல்லை. சந்தோஷம்.

உள்ளே போனாள். மகள் தலையணையில் சாய்ந்து, சட்டையை மேலே தூக்கிவிட்டு, தன் வயிற்றையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "உதைக்கல பாரேன். இன்னிக்கு என்னமோ நீந்துறா. கைய வையேன்."

வயிற்றுத் தோல் மெதுவாகப் புடைத்தது.

உள்ளிருந்து ஒரு கை.

குழந்தையின் கை இல்லை. பெரியது. எலும்பு தெரிந்தது, விரல் மூட்டு தெரிந்தது. கட்டைவிரலைத் தொப்புளுக்குக் கீழே ஊன்றி, சுண்டுவிரலை நீட்டியது. பிறகு கட்டைவிரலைச் சுண்டுவிரல் இருந்த இடத்துக்கு நகர்த்தியது. மறுபடி நீட்டியது.

"கூசுதும்மா" என்று மகள் சிரித்தாள்.

விரல்கள் அவசரப்படவில்லை. அளந்துகொண்டே மேலே போயின, அந்தக் கறுப்புக் கோட்டு காப்பாற்றிய நெஞ்சை நோக்கி.