தாளைத் திருப்பிப் பார்த்தவள்

"கம்பளிய மூடுங்க! வெளிச்சம் உள்ள வருது!"

இருட்டுக்குள்ளிருந்து வந்த அதட்டலில் காஞ்சனா அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கையில் வாசலில் தொங்கிய கறுப்புக் கம்பளி, மறு கையில் அப்பாவின் மணிக்கட்டு... உள்ளே போவதா, திரும்பி ஓடுவதா?

"மூடத்தாங்க போறேன். கண்ணு மங்கினவரக் கைபிடிச்சு இட்டுகினு வரேன். பறந்தா வர முடியும்?"

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. "சரி சரி... நடந்தே வாங்க."

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் அது. அம்மையார்குப்பத்திலிருந்து காவடி எடுத்து வந்த நெசவாளி ஜம்புலிங்கம், மலைப்படி இறங்கும்போது இரண்டு தரம் தடுமாறினார். அப்படித் தடுமாறியிருக்காவிட்டால், அடிவாரத்துச் சத்திரத்தில் தொங்கிய 'இலவசக் கண் முகாம்' பலகையை அவர் மகள் ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டாள்.

கம்பளி மூடியது. இருட்டு பழகப் பழக, நெற்றியில் விளக்கு கட்டிய ஒருவன் தெரிந்தான். விளக்கு கூசியது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... அவை கூசவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

பெயர் நாகேந்திரன். அரக்கோணத்துக்காரன். டாக்டருக்கு முன்னால் நோயாளிகளின் கண்ணைப் பார்த்துப் படம் வரைந்து கொடுப்பது அவன் வேலை. ஜம்புலிங்கத்தை பெஞ்சில் படுக்கவைத்து, சொட்டு மருந்து விட்டு, தலைமாட்டில் நின்று, ஒரு கனத்த லென்ஸை அவர் கண்ணுக்கு மேல் பிடித்தான். பிறகு ஒரு தாளை அவர் மார்பின் மேல் தலைகீழாக வைத்து வரைய ஆரம்பித்தான்.

காஞ்சனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தாளு தலைகீழா இருக்குதுங்க."

"தெரியும்ங்க. படமே தலைகீழாத்தான் வரும்."

"அது எப்படி?"

யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று அவன் காத்திருந்தான் போலும்... குரலே மாறிவிட்டது. "இந்த விளக்கோட ஒளி, கருவிழி நடுவுல இருக்குற பாப்பா வழியா உள்ள போகுது. கண்ணோட பின்சுவத்துல பட்டு, போன வாசல் வழியாவே திரும்பி வருது. அத இந்த லென்ஸ் மடக்கி, காத்துல ஒரு சின்னப் படமா நிறுத்தும். மடக்கும்போது மேல கீழயாகும், வலது இடதாகும். அதனால தாளையும் தலைகீழா வச்சுகினு, பாத்தத அப்படியே வரையணும். முடிச்சப்புறம் தாளத் திருப்பினா எல்லாம் நேராயிடும்."

திருப்பிக் காட்டினான். செம்மஞ்சள் வட்டம். சிவப்பிலும் நீலத்திலும் கொடியாகப் பிரியும் இரத்தக் குழாய்கள். மேல் பக்கம், வளைந்த கோட்டில் ஏழு மஞ்சள் புள்ளிகள்.

"உடம்பக் கீறாம, உள்ள ஓடுற ரத்தக் குழாயக் கண்ணால பாக்கணும்னா இந்த ஒரு ஜன்னல்தான். சர்க்கரை ஏறிப்போனா குழாய் கசியும். கசிஞ்சதுதான் இந்தப் புள்ளி. ஐப்பசியில திரும்ப வாங்க. இன்னொரு படம் வரையறேன். ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான் வியாதி நின்னுகினு இருக்குதா, நடக்குதான்னு தெரியும்."

"இன்னா அழகா வரையறீங்க..." என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அவளும் வரைகிறவள்தான். புடவைக் கரைக்கான பூக்களைக் கட்டம் போட்ட கிராப்புத் தாளில் புள்ளி புள்ளியாக நிரப்பிக் கொடுப்பவள். ஒரு புள்ளி தப்பினாலும் தறியில் பூ முழுக்கக் கோணிவிடும்.

மூன்று மாதம்... தாளில் அன்னம் வரைய உட்கார்ந்தால் நெற்றி விளக்கு வந்தது. மயில் வரைய உட்கார்ந்தால் அந்தக் கண்கள் வந்தன. சீ, என்ன இது!

ஐப்பசி வந்தது, மழையோடு. சத்திரத்தில் அன்று கூட்டம் சொல்லி மாளாது. பெஞ்சுகளில் எல்லாம் ஆபரேஷன் முடிந்தவர்கள். ஜம்புலிங்கத்தை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தான் நாகேந்திரன். காஞ்சனா வாசலிலேயே நின்றாள், தலைமுடியில் மழைத்துளியோடு. அவன் ஒரு முறை நிமிர்ந்தான். உடனே குனிந்துகொண்டான். 

முழுப் படத்துக்கு நேரமில்லாமல் வட்டம் ஒன்றும் புள்ளிகளும் மட்டும் போட்டு அனுப்பினான். டாக்டர் வேதாசலம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மேல இருந்தது ஆறிடுச்சு. ஆனா கீழ புதுசாக் கிளம்பியிருக்கு. மூணே மாசத்துல இவ்வளவு வேகம்னா... மெட்ராஸ் போய் ஒளிக்கதிரால அந்தக் கசிவச் சுட்டுக்கணும். அப்பவும் பார்வை எவ்வளவு நிக்கும்னு சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் ஜம்புலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காஞ்சனா, நகரிக்குச் சொல்லி அனுப்பிடறேன். வர்ற வெள்ளிக்கிழமை வெத்தல பாக்கு மாத்திக்கலாம். உன் அத்தைமகன் கோதண்டபாணி நல்ல பையன்தான்..."

"நைனா! பாவா கூட நான் ரெண்டு வார்த்த பேசினதில்ல. இன்னா அவசரம்?"

"உன் கழுத்துல தாலி ஏர்றத இந்தக் கண்ணால பாக்கணும். அதான் அவசரம்."

அவள் அவர் கையைப் பிடித்துப் பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

பஸ் நிலையத்தில் மழை கொட்டியது. வண்டி வரவில்லை. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மெட்ராஸில் காட்டுவதற்காக டாக்டர் கொடுத்தனுப்பிய இரண்டு தாள்களையும் பையிலிருந்து எடுத்தாள். கை பழக்கத்தில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள்.

கிராப்பு முடித்ததும் அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள். நேராகப் பார்த்துப் பழகிய கண், தப்பைத் தாண்டிப் போய்விடும். தலைகீழாக்கினால் பூ பூவாகத் தெரியாது, வெறும் புள்ளிகளாகத் தெரியும். தப்பு தானாக எழுந்து நிற்கும்.

இப்போதும் எழுந்து நின்றது. மூன்று, ஓர் இடைவெளி, நான்கு. நான்காவது மட்டும் கொஞ்சம் உள்வாங்கி... இரண்டு தாளிலும் அதே வளைவு. அதே ஏழு புள்ளிகள்!

அன்று படுத்திருந்தார் அப்பா, தாள் தலைகீழாக இருந்தது. இன்று உட்கார்ந்திருந்தார். லென்ஸ் அதேதான். தாள்?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தனியாகச் சத்திரத்துக்கு வந்துவிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுங்க. புதுசா எதுவும் வரல. நேத்து நீங்க தாளத் திருப்ப மறந்துட்டீங்க."

நாகேந்திரனின் முகம் சிவந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நாலு வருஷமா வரையறேன். ஆயிரம் கண்ணு பாத்தாச்சு. புடவைக் கரையும் இதுவும் ஒண்ணா?"

"புள்ளி புள்ளிதான். எங்க விழுந்தா இன்னா?"

"டாக்டர் சொன்னா சொன்னதுதான். போங்க..."

"போறேன். வெள்ளிக்கிழமை எனக்கு நிச்சயம். உங்க புள்ளிய நம்பித்தான் எங்க நைனா நாள் குறிச்சிருக்காரு. சந்தோஷமா இருங்க."

விறுவிறுவென்று இறங்கி நடந்தாள். கண்ணில் தண்ணீர். மழைதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

புதன் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் அம்மையார்குப்பத்தில், தறிச்சத்தத்துக்கு நடுவே வாசலில் ஒரு குரல் கேட்டது. "ஜம்புலிங்கம் வீடு இதுங்களா?"

காஞ்சனாவின் கையிலிருந்த பென்சில் உருண்டது. நனைந்த சட்டையும் தோள்பையுமாக நின்றான் அவன்.

"ஐயா, உங்க கண்ண இன்னொரு தரம் பாக்கணும்." பையிலிருந்து பாட்டரி விளக்கு போன்ற சின்னக் கருவி ஒன்றை எடுத்தான். "இதுல பாத்தா படம் நேராவே தெரியும். தலைகீழ் வேலையே கிடையாது. ஆனா ரொம்பக் கிட்டப் போய்ப் பாக்கணும்."

சொட்டு மருந்து விட்டபின் பாப்பா விரிய அரை மணி நேரம்... தறியில் விரித்த பாவுநூலின் இழைகளைக் கூட எண்ணிவிடலாம் போலிருந்தது காஞ்சனாவுக்கு. ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள்.

கடைசியில் அவன் குனிந்தான். துளையில் கண் வைத்துப் பார்த்தான். பிறகு கருவியை அவளிடமே நீட்டினான். "நீங்களே பாருங்க."

அப்பாவின் கன்னத்தோடு கன்னம் வைத்து அந்தச் சின்னத் துளைக்குள் பார்த்தாள். முதலில் ஒன்றுமில்லை... அப்புறம் செம்மஞ்சள் வெளிச்சம். ஒரு சிவப்புக் கொடி. "அதைப் பிடிச்சுகினே மேல போங்க" என்றான் அவன். போனாள். மூன்று, ஓர் இடைவெளி, நான்கு.

"மேலதான் நைனா! ஏழுதான்!"

"கீழ ஒண்ணுமில்ல" என்றான் நாகேந்திரன். "தப்பு என்னுதுங்க ஐயா. டாக்டர்கிட்ட ஒத்துகினுதான் வரேன். வியாதி போயிடல, ஆனா மூணு மாசமா நின்ன எடத்துலதான் நிக்குது. அப்படி இருந்தா இப்போதைக்குச் சுட வேணாம்னு அவரே சொன்னாரு. சர்க்கரையக் கட்டுல வச்சா தறியில உக்காரலாம்."

ஜம்புலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு விரிந்த கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "அப்ப நகரிக்காரங்கள நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடணும்" என்றபடி ஆள் தேடி எழுந்து போனார். வாசற்படியில் தடுமாறவில்லை.

தறிக்கூடத்தில் இருவர் மட்டும்.

"அன்னிக்கே ஒத்துகினிருக்கலாம் இல்ல?" என்றாள் அவள், தறியின் பாவுநூலைப் பார்த்தபடி. "அவ்ளோ ரோஷம்!"

"ரோஷந்தான்... தப்ப ஒத்துகினா, ஏன் தப்புச்சுன்னும் சொல்லணுமே."

"ஏன் தப்புச்சு? கூட்டமா?"

"கூட்டம் எப்பவும்தான்." கருவியின் விளக்கை அணைத்தான், போட்டான், அணைத்தான். "ஆடியிலேர்ந்து நாள் எண்ணிகினு இருந்தேன். எத்தனையோ கேள்விக்குப் பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். நீங்க வந்து வாசல்ல நின்னீங்க... மழையில நனைஞ்சு. கை பாட்டுக்கு வரைஞ்சுது. தாள் எந்தப் பக்கம் இருந்துதுன்னு சத்தியமா எனக்குத் தெரியல, காஞ்சனா."

முதல் தடவையாக அவள் பெயர். மழை ஓட்டுக்கூரையில் படபடத்தது. அவள் நெஞ்சும்தான்.

"நிச்சயம்னு சொன்னீங்களே, அதுக்கப்புறம் ரெண்டு நாளா ஒரு படம் வரைய முடியல. எனக்கு... நீங்க வேணும்."

காஞ்சனா குனிந்து, உருண்டு கிடந்த பென்சிலை எடுத்தாள். அதை அவன் சட்டைப்பையில் செருகினாள்.

"தை மாசம் நைனாவுக்கு அடுத்த படம் வரையணும் இல்ல?"

"ஆங்..."

"அப்ப நான் வாசல்ல நிக்க மாட்டேன்" என்றாள், சிரிப்பை அடக்கமுடியாமல். "உள்ள வந்து, உங்க பக்கத்துல நின்னுகினு, தாள நானே பிடிச்சுக்கிறேன்... தலைகீழா."