அழிக்க மனம் வராத நேரம்

மார்லீன் ஹாகன் வந்தபோது ஆரின் லுண்ட் முழங்காலில் ஐஸ் பையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஷெரிஃப் ஆபீஸில் காலமெல்லாம் துப்புத் துலக்கிக் களைத்துப்போய் ஓய்வு பெற்றவர். ஊர் அவரை விடுவதாக இல்லை.

"இன்னிக்குச் சாயங்காலம் கிளப் தலைவர் வெண்டல் வந்து என் பொறுப்பை வாங்கிக்கப் போறாராம், ஆரின். கிளப்புல எனக்கு மிச்சம் இருக்கிறதே அந்த வேலைதான்."

பறவை கிளப்பில் எடுக்கும் படங்களெல்லாம் முதலில் மார்லீனிடம் வரும். ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் எடுத்த இடம், நேரம், எடுத்தவர் பெயர் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நூற்றுக்கணக்கான படங்களை மொத்தமாகப் போட்டு இடத்தை மட்டும் அழித்துவிட்டு, பெயரையும் நேரத்தையும் அப்படியே விட்டுத்தான் மார்லீன் வெளியே அனுப்புவாள். கூடு எங்கே என்று தெரிந்தால் ஊரே திரண்டுவிடும். இந்த வசந்தத்தில் திரண்டேவிட்டது. யாரோ பெயர் சொல்லாமல் இணையத்தில் போட்ட சாம்பல் ஆந்தைப் படத்தில் இடம் அழியாமல் இருந்தது. சதுப்புக் காட்டில் கார்கள் வந்து மொய்த்ததில், தாய் ஆந்தை குஞ்சுகளை விட்டுப் போய்விட்டது.

"நான் அந்தப் படத்தைத் தவறவிட்டுட்டேன்னு சொல்றாங்க. தவறவிட்டிருப்பேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு," என்றாள் மார்லீன்.

பக்கத்து வீட்டு டெல்ஃபின் அதற்குள் கார் சாவியோடு வாசலில் நின்றாள். "கிளம்பலாமா பாஸ்?"

"கிளம்பாம விடுவியா நீ?" என்று ஆரின் முனகிக்கொண்டே எழுந்தார்.

ஹாகன் வீட்டுச் சமையலறையில் மார்லீனின் கணவன் ரூடி காபி ஊற்றினான். சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு. அவன் கைக்கடிகாரத்தில் மூன்று.

"உங்க வாட்ச் நின்னுபோச்சா?" என்றாள் டெல்ஃபின்.

"நல்லாத்தான் ஓடுது. வசந்தம் வந்தா மனுஷன்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைக்கிறான், பறவை வைக்குதா? வாட்ச், கேமரா எல்லாத்துலயும் வருஷம் பூரா எனக்குக் குளிர்கால நேரம்தான்."

"அதான் எங்க போனாலும் ஒரு மணி நேரம் லேட்டு," என்றாள் மார்லீன்.

இணையத்தில் வந்த படத்தை அவள் கணினியில் திறந்து காட்டினாள். அது எடுக்கப்பட்ட அன்று, கூட்டுக்கு எதிரே பறவை பார்ப்பவர்கள் ஒளிந்து உட்காரும் மறைப்பில் இருந்து படம் எடுத்தவர்கள் ரூடியும் வெண்டலும் மட்டும்தான். இருவர் படமும் ஒன்றுபோலவே இருக்குமாம். கோப்பின் விவரங்களில் இடம் இருந்தது. காலை ஆறு மணி என்று நேரமும் இருந்தது. பெயரும் இல்லை, கேமரா விவரமும் இல்லை. ஆந்தைக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"ஸ்கூல் பஸ்," என்றாள் டெல்ஃபின். "ஆனா அந்த ரோட்டுல அது ஏழு மணிக்குத்தானே வரும்?"

ஆரின் பெருமூச்சு விட்டார். இந்த வேலையில் விடை கிடைக்கும் நேரம்தான் அவருக்கு எப்போதும் பிடிக்காது.

கிளப் தலைவர் வெண்டல் ஆஹோ வந்து நின்றுகொண்டே பேசினார். "வயசானா யாருக்கும் மறதி வரும், மார்லீன். அதுல வெட்கப்பட என்ன இருக்கு?"

"உட்காருங்க வெண்டல். நீங்க நின்னா நானும் நிக்கணும், என் முட்டி கேட்காது," என்றார் ஆரின். "மார்லீன் இந்தப் படத்தை மறந்திருந்தா, இடமும் இருந்திருக்கும், எடுத்தவர் பெயரும் இருந்திருக்கும். மறக்காம இருந்திருந்தா இடம் போய் பெயர் நின்னிருக்கும். இதுல தலைகீழா இருக்கு. பெயரை எடுத்துட்டு இடத்தை விட்டிருக்காங்க. இது மறதி இல்லை. பார்த்துப் பார்த்து அழிச்சது."

"யாரு?" என்றார் வெண்டல்.

"உங்க கேமராவுல மணி எப்படி?"

"போனைப் பார்த்துத் தானா மாத்திக்கும்."

"அப்போ உங்க படத்துல ஏழுன்னு இருக்கும். இதுல ஆறு. குளிர்கால நேரம்."

டெல்ஃபின் மெதுவாகக் கேட்டாள். "அந்த நேரத்தையும் அழிச்சிருக்கலாமே பாஸ்?"

"பறவை பார்க்கிறவனுக்கு நேரம் இல்லாத படம் குப்பை. பெயரை அழிக்கலாம், நேரத்தை அழிக்க மட்டும் கை வராது. இல்லையா ரூடி?"

ரூடி காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வரலை," என்றான். பிறகு மார்லீனிடம் திரும்பினான். "கண்ணு சிவக்கச் சிவக்க உட்கார்ந்து கிடக்குற. விட்டுடுன்னா கேக்கல. கிளப்புலயே வேலையை எடுத்துக்கிட்டா நீ நிம்மதியா ஓய்வெடுப்பேன்னு நினைச்சேன். தாய் போயிடும்னு சத்தியமா நினைக்கலை."

வெண்டல் தொண்டையைச் செருமினார். "மன்னிச்சுக்கோங்க மார்லீன். பொறுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்."

மார்லீன் தலையசைத்தாள். அவர் பக்கம் பார்க்கவில்லை.

"அந்த வேலை என்னைக் களைக்க வைக்கல, ரூடி. அது ஒண்ணுதான் நான் முடிவு பண்றது. மத்ததெல்லாம் எனக்கும் சேர்த்து நீ முடிவு பண்ணிடுற." அவள் குரல் உயரவே இல்லை. ஆணியிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டாள். "டெல்ஃபின், குஞ்சுங்களைக் காப்பகத்துல வெச்சிருக்காங்களாம். கூட்டிட்டுப் போறியா?"

ரூடியும் அவசரமாக எழுந்து தன் கோட்டைத் தேடினான்.

"நீ வேண்டாம்," என்றாள் மார்லீன். "நிம்மதியா ஓய்வெடு."