வீட்டில் நிறுத்திய பேச்சு

இடுப்புக்குக் கீழே கால்கள் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடியே மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிறவள் வித்யாலட்சுமி. சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போனாள். இன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். படுத்துக் கிடப்பதற்காக அல்ல.

"ஹம்ஸினிக்கு ஸ்கூல்ல டி.சி. வாங்கப் போறியாமே?" பின்னால் புருஷன் பிரசாத்தின் குரல்.

"நேத்தே வாங்கிட்டேங்க."

"என்னைக் கேக்காமலா...! அந்த ஸ்கூல்ல சீட்டு வாங்க எத்தனை பேர் வாசல்ல நின்னேன் தெரியுமா? இப்ப ஏதோ ஸ்பெஷல் ஸ்கூலாம், பைத்தியக்காரப் பிள்ளைங்களோட கொண்டுபோய்ப் போட்டுட்டான்னு ஊர் சிரிக்கணுமா?"

"மூணாங் கிளாஸ்லயே ரெண்டாவது வருஷம் உக்கார வச்சிருக்காங்க. யூனிஃபார்மைப் பாத்தாலே ஹம்ஸினி வாந்தி எடுக்குறா. நீங்களா கழுவுறீங்க?"

"எல்லாம் உன்னாலதான்! வீட்டுல தமிழ், தெருவுல தெலுங்கு, கிளாஸ்ல இங்கிலீஷ்னு பிள்ளை குழம்புதுன்னு மிஸ் அன்னைக்கே சொன்னாங்க. நான் இல்லாதப்ப நீ திருட்டுத்தனமா தமிழ் பேசிக் கெடுத்த!"

வித்யா அடுப்புப் பக்கம் திரும்பினாள். தோசை கருகியது.

பிரசாத் மாதாப்பூரில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஏ.சி. மெக்கானிக். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு இங்கிலீஷில் பேசிச் சிரிக்கும் பிள்ளைகளை ஏணி மேல் நின்று பார்ப்பவன். தன் மகளும் அங்கே உட்கார வேண்டும் என்று நினைத்ததில் தப்பில்லை. அதற்காக, ஹம்ஸினியிடம் யாரும் தமிழில் பேசக்கூடாது, அவளும் பேசக்கூடாது, பேசினால் அன்றைக்கு டிவி கிடையாது என்று வீட்டில் சட்டம் போட்டான். இரண்டு வருஷம் ஆயிற்று. வித்யாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் இருபது வார்த்தை. கம், ஈட், பாத், ஸ்லீப்... பத்து மாசம் சுமந்து பெற்ற மகளை அந்த இருபது வார்த்தையில் வளர்த்தாள். மாமனார் துரைராஜ், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் சம்மட்டி பிடித்தவர். அவருக்கு அதுவும் தெரியாது.

"அங்க சேக்க அப்பா கையெழுத்து வேணுமாம். ஒருதடவை வந்து பாருங்க. பிடிக்கலைன்னா போடாதீங்க" என்றாள் வித்யா.

"நக்கோ பிரசாத், வேணாம், கத்தாத" என்றார் துரைராஜ். "பாத்துட்டு வந்துடுவோம். நானும் வரேன்."

தார்நாகாவில் ஒரு வீட்டு மாடிதான் பள்ளிக்கூடம். ஒரு அறைக்கு ஆறே பிள்ளைகள். ரோஸ்லின் டீச்சர் செகந்திராபாத் தமிழ்க்காரி. ஹம்ஸினியை ஒரு மணி நேரம் படிக்கச் சொல்லியும் எழுதச் சொல்லியும் பார்த்துவிட்டு இவர்களை உள்ளே கூப்பிட்டாள். இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். பிள்ளை தரையைப் பார்த்தது.

"சரி, வீட்டுல யார் யாரெல்லாம் இருக்கீங்க கண்ணு?"

ஹம்ஸினி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"டாடி... தமிழ்ல சொல்லலாமா? டிவி கட் பண்ண மாட்டீங்கல்ல?"

டீச்சரின் கையில் இருந்த பென்சில் நின்றது. பிரசாத் மகள் பக்கம் குனிந்தான். "சொல்லும்மா" என்றான்.

"தாத்தா இருக்காரு. நான் கிட்ட போனா பேப்பரால மூஞ்சிய மூடிக்குவாரு. அவருக்கு இங்கிலீஷ் வராதுல்ல, அதான். எனக்குத் தெரியும். அம்மாக்கு இங்கிலீஷ்ல கோவிச்சுக்கவே தெரியாது டீச்சர்! 'நோ'ன்னு மட்டும் சொல்லும். அப்புறம் அதுவே அழும்..."

மடை திறந்த மாதிரி பேசிக்கொண்டே போனாள். பெரியவர்கள் தங்களுக்குள் பேசியதைக் கேட்டுக் கேட்டே அத்தனை தமிழையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தது பிள்ளை. துரைராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அறிவுல ஒரு குறையும் இல்ல சார்" என்றாள் ரோஸ்லின். "எழுத்தைக் கூட்டிப் படிக்கிறதுதான் இவளுக்குக் கஷ்டம். அதை வேற விதமாச் சொல்லித் தரணும், நாங்க தரோம். இது பாஷைக் குழப்பம் இல்ல. நீங்க தமிழை நிறுத்தியிருக்கவே வேண்டாம்."

பிரசாத் வித்யாவின் பக்கம் திரும்பினான். "நான் இல்லாதப்பகூட... நீ பேசலையா?"

"பேசினா பிள்ளை கெட்டுடும்னீங்களே... பயந்துட்டேங்க."

அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினான். "உன்னைப்போய் திருடின்னு சொன்னேனே வித்யா..."

அவள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "என் தங்கமே..." என்றாள். இரண்டு வருஷமாக உள்ளே கிடந்ததில் எதை முதலில் எடுப்பது? "பசிக்குதாடி?" என்று கேட்டு வைத்தாள்.

"ஹவ்!" என்றாள் ஹம்ஸினி, அந்த ஊர் உருதுவில் 'ஆமாம்' என்று. அழுகையினூடே எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பிரசாத் கையெழுத்துப் போட்டான். திங்கட்கிழமையிலிருந்து புதுப் பள்ளிக்கூடம். ஆட்டோவில் ஹம்ஸினி தாத்தாவின் மடியில் உட்கார்ந்து வழியெல்லாம் கேள்வி கேட்டாள். அவர் ஒன்று விடாமல் பதில் சொன்னார்.

புருஷனை வித்யா மன்னித்துவிட்டாள். அது அவளோடு முடிந்த கணக்கு. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அந்த வீடு இரண்டு வருஷப் பேச்சு கடன்பட்டிருக்கிறது. அதை இன்னும் யாரும் அடைக்கவில்லை.